திருத்தப்படாத செல்களை எண்ணும் வேலை

ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் மரபணுக்களைத் திருத்தி, அவற்றைப் பெருக்கி, நோயாளியின் உடலில் செலுத்துவதற்கு ஏற்றவையாக ஆக்கித் தரும் ஆய்வகம் ஒன்றில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம் "மரபணுவை வெட்டுகிறேன்" என்று சொல்வேன். கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். இப்போது "வெட்டுப்படாமல் தப்பிய செல்களை எண்ணுகிறேன்" என்று சொல்கிறேன். பேச்சு அத்தோடு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது என்றாலும், என் நாட்களில் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையில்தான் கழிகிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கும், குடும்பத்தில் ஒருவருக்கு இத்தகைய சிகிச்சை பற்றி மருத்துவர் பேசியிருக்கிறார் என்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, நான் தவறு செய்து கற்றவற்றையும் பிறர் செய்யக் கண்டு கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கார் டி செல் சிகிச்சை என்று இன்று பரவலாகப் பேசப்படுவது, பெரும்பாலும் செல்லுக்குள் ஒரு புதிய மரபணுவைச் சேர்க்கும் வேலை. ஆபத்து நீக்கப்பட்ட ஒரு வைரஸை ஊர்தியாகக் கொண்டு, புற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறியை அடையாளம் காணும் ஏற்பியின் மரபணுவை டி செல்லுக்குள் ஏற்றுகிறார்கள். 2012ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில், ரத்தப் புற்றுநோய் மீண்டும் மீண்டும் திரும்பி வந்த ஒரு சிறுமிக்கு இவ்வாறு செய்து வெற்றி கண்டார்கள். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் இந்த வகையின் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த முறையில் வைரஸ் தன் சுமையைக் குரோமோசோமில் எங்கே இறக்கிவைக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. மரபணுத் திருத்தம் என்பது, செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மரபணுவைத் தேர்ந்து, அந்த இடத்திலேயே முடக்குவது அல்லது மாற்றுவது. ஒன்று சேர்க்கிறது, மற்றது எழுதியிருப்பதில் கை வைக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒரே செல்லுக்கு இரண்டும் நடக்கும். ஆயினும் இரண்டிலும் பிழை வரும் விதம் வேறு, சோதிக்கும் விதமும் வேறு.

எழுதியிருப்பதில் கை வைக்கும் தேவை எதனால் வந்தது? நோயாளியின் சொந்த டி செல்லையே பயன்படுத்தினால் அதற்குப் பெரும்பாலும் அவசியமில்லை. ஆனால், பலமுறை வேதிச்சிகிச்சை பெற்றவருடைய ரத்தத்தில் நல்ல டி செல்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை. கைக்குழந்தைகளிடமிருந்து எடுப்பதும் கடினம். நலமான கொடையாளர் ஒருவரின் செல்லை எடுத்தால் ஒரே சேகரிப்பிலிருந்து பலருக்கான மருந்தைத் தயாரித்து உறைநிலையில் வைத்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், டி செல்லுக்குப் பிறவியிலேயே அமைந்த ஏற்பி ஒன்று உண்டு. அந்த ஏற்பி, புது உடலில் காணும் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமெனக் கொண்டு தாக்கிவிடும். ஆகவே அந்த ஏற்பியைச் செல்லிலிருந்து நீக்கியாக வேண்டும். 2015இல் லண்டனில் வேறு வழியெல்லாம் அடைபட்டுப்போன ஒரு கைக்குழந்தைக்கு, டேலன் என்னும் மூலக்கூறுக் கத்தரியால் இப்படித் திருத்தப்பட்ட கொடையாளர் செல்களைச் செலுத்தினார்கள். செலுத்தப்பட்ட நீர்மத்தின் அளவு 1 மில்லிலிட்டர். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் இந்தத் துறைக்கு வருவதென்று முடிவு செய்தேன். அந்த 1 மில்லிலிட்டருக்குப் பின்னால் எத்தனை நாள் எண்ணிக்கை இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் அதிகமாகப் பயன்படுத்துவது கிரிஸ்பர் காஸ்9. காஸ்9 என்பது டி.என்.ஏ.யை வெட்டும் புரதம். எங்கே வெட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்வது வழிகாட்டி ஆர்.என்.ஏ. அதிலுள்ள ஏறத்தாழ 20 எழுத்துகள் டி.என்.ஏ.யில் எங்கே பொருந்துகின்றனவோ, அங்கே இரு இழைகளும் வெட்டுப்படும். செல் அந்த வெட்டை அவசர அவசரமாக ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் விழுந்துவிடும், அல்லது கூடிவிடும். அதனால் அந்த மரபணுவிலிருந்து பயனுள்ள புரதம் உருவாகாமல் போகும். 2012இல் இதன் அடிப்படையை விளக்கிய எமானுவேல் ஷார்பான்டியேவுக்கும் ஜெனிஃபர் டவுட்னாவுக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் டி செல்லுக்குள் புகுத்த, செல்கள் மிதக்கும் சிறு குழாயில் மில்லி விநாடிக் கணக்கில் மின்துடிப்பு கொடுக்கிறோம். செல்லின் சவ்வில் நுண்துளைகள் திறந்து, உள்ளே போக வேண்டியது போய், துளைகள் மூடிக்கொள்கின்றன. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக் குமிழி இருந்தாலே "டிக்" என்று ஒரு பொறி தெறித்து, அந்தக் குழாயிலுள்ள செல்கள் அத்தனையும் பாழாகும். நீர்மத்தில் உப்பு மிகுந்தாலும் அதே கதிதான். எனவே புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளாமல் இருக்கும் பழக்கத்தை.

இந்த மின்துடிப்பில் நான் செய்த முதல் பெரிய தவறு இன்னும் நினைவில் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் 12 குழாய்களுக்குத் தனியாகவே துடிப்பு கொடுத்தேன். நோயாளிக்குப் போகும் செல்கள் அல்ல, ஒத்திகைக்கான கொடையாளர் செல்கள். மறுநாள் டிரைபான் நீலச் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் எண்ணியபோது (இறந்த செல் நீலமாகிவிடும், உயிருள்ள செல் சாயத்தை ஏற்காது), முதல் குழாயில் பத்துக்கு எட்டு உயிரோடு இருந்தன. கடைசிக் குழாயில் பத்துக்கு நான்குகூட இல்லை. ஒவ்வொரு குழாயிலும் வெவ்வேறு வழிகாட்டி ஆர்.என்.ஏ. இருந்ததால், சில வழிகாட்டிகள் செல்லுக்கு நஞ்சாக இருக்கின்றன என்று முடிவு கட்டி, அதற்கொரு விளக்கமும் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மூத்த சகபணியாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. குழாய்களின் வரிசையைத் தலைகீழாக மாற்றி அதே சோதனையை மீண்டும் செய்யச் சொன்னார். செய்தேன். இப்போது முன்பு முதலில் இருந்த வழிகாட்டியின் செல்கள்தாம் செத்துக் கிடந்தன.

காரணம் வழிகாட்டி அன்று, கடிகாரம். மின்துடிப்புக்காகச் செல்களைக் கலக்கும் சிறப்புக் கரைசல், செல்கள் வாழ்வதற்கானது அல்ல. அதில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால் அவை நலிந்துவிடும். நான் பன்னிரண்டு குழாய்களுக்கும் ஒரே நேரத்தில் கரைசலை ஊற்றிவிட்டு, ஒவ்வொன்றாக இரண்டிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு துடிப்பு கொடுத்திருக்கிறேன். கடைசிக் குழாய்க்கு வருவதற்குள் அரைமணி நேரம் நெருங்கியிருக்கும். அன்றிலிருந்து நான்கு குழாய்களுக்கு மேல் ஒரே தொகுதியில் கலப்பதில்லை. துடிப்பு கொடுத்தவுடன் வெதுவெதுப்பான வளர்ப்பு நீர்மத்தைச் சேர்க்கப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். இந்த வேலையில் எதிர்பாராத முடிவு ஒன்று வந்தால், உயிரியல் காரணத்தைத் தேடும் முன் வரிசை, நேரம், வெப்பநிலை மூன்றையும் பார்க்கும் வழக்கமும் அன்றுதான் வந்தது.

அடுத்த தவறு இதைவிட வெட்கப்பட வைத்தது. டி செல்லின் இயற்கை ஏற்பியை நீக்க, அதன் ஒரு பாதிக்குரிய டிராக் என்னும் மரபணுவை முடக்குகிறோம். ஏற்பி போய்விட்டதா என்று அறிய, அதனோடு சேர்ந்தே மேற்பரப்புக்கு வரும் சி.டி.3 என்ற புரதத்தை ஒளிரும் எதிர்ப்பொருளால் தொட்டு, ஃப்ளோ சைட்டோமீட்டர் வழியாக ஒவ்வொரு செல்லாகச் செலுத்திப் பார்ப்போம். ஏற்பி இல்லாவிட்டால் சி.டி.3 மேலே வராது, செல் ஒளிராது. துடிப்பு கொடுத்த மறுநாளே ஆவல் தாங்காமல் சோதித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஒளிர்ந்தன. திருத்தம் தோற்றுவிட்டது என்று நினைத்து, அந்த வளர்ப்பு முழுவதையும் கழிவில் கொட்டிவிட்டேன். ஒரேயொரு கிண்ணத்தை மட்டும் வேறு சோதனைக்காகச் சகபணியாளர் எடுத்து வைத்திருந்தார். நான்காம் நாள் அதைப் பார்த்தபோது, பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒளியிழந்திருந்தன. "நீங்கள் வெட்டியது உள்ளே இருக்கும் டி.என்.ஏ.யைத்தானே? வெளியே ஏற்கெனவே நிற்கிற புரதத்தை யார் வெட்டினார்கள்?" என்று கேட்டார். மரபணு முடங்கினாலும் அதற்கு முன்பே உருவாகி மேற்பரப்பில் அமர்ந்துவிட்ட புரதம் தேய்ந்து மறைய ஓரிரு நாட்கள் ஆகத்தான் செய்யும். மறுநாளே தெரிந்தாக வேண்டுமானால் டி.என்.ஏ.யை எடுத்து அந்த இடத்தின் எழுத்துகளைப் படிக்க வேண்டும். புரதத்தைப் பார்ப்பதென்றால் காத்திருக்க வேண்டும்.

தலைப்பில் சொன்ன எண்ணிக்கைக்கு இப்போது வருகிறேன். பத்தில் ஒன்பது செல்கள் திருந்திவிட்டன என்றால் ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும். நோயாளிக்குப் போதாது. திருந்தாத செல்களை அகற்ற, ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளோடு நுண்ணிய காந்த மணிகளைக் கோத்து, செல்களைக் காந்தப் புலத்தின் வழியே ஓட விடுகிறோம். ஏற்பி மீதமுள்ள செல் காந்தத்தில் சிக்கிக்கொள்ளும். இல்லாதது வழிந்து கீழே வரும். அதன்பின் மிச்சம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் 10 கோடிச் செல்களைக் கொண்ட ஒரு பையில் நூற்றுக்கு ஒன்று என்பது 10 லட்சம் செல்கள். அந்தப் 10 லட்சமும் உடலுக்குள் போனபின் பெருகக்கூடியவை. ஆகையால் விழுக்காட்டோடு நிறுத்தாமல், நோயாளியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை திருந்தாத செல்கள் போகின்றன என்று கணக்கிட்டுத்தான் கையெழுத்திடுகிறோம். இதே பை எழுபது கிலோ எடையுள்ளவருக்குத் தேறும். பத்துக் கிலோக் குழந்தைக்குத் தேறாமல் போகலாம். இத்துறையில் யாராவது விழுக்காட்டை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டால், மொத்தம் எத்தனை என்று கேட்டுப் பழகுங்கள்.

செல்களின் தரம் திருத்தத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதை ஒரு பை கற்றுத் தந்தது. நாங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. பையின் மீதுள்ள எண்ணும் பிறந்த தேதியும்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பைக்கு உரியவர் பல சுற்று வேதிச்சிகிச்சை பெற்றவர் என்பது கூட வந்த தாளிலிருந்து தெரிந்தது. பெருகும்படி தூண்டப்பட்ட நல்ல டி செல்கள் இரண்டாம் நாளே பருத்து, ஒன்றோடொன்று ஒட்டித் திராட்சைக் கொத்துகள்போல் நுண்ணோக்கியில் தெரியும். இந்தப் பையில் கொத்துகளே உருவாகவில்லை. செல்கள் சிறியவையாகத் தனித்தனியே சிதறிக் கிடந்தன. ஆறாம் நாள் எண்ணிக்கை இரட்டிப்புகூட ஆகவில்லை. வளர்ப்பு நீர்மத்தை மாற்றினோம், வளர்ச்சிக் காரணிகளின் அளவைச் சரிபார்த்தோம், இன்குபேட்டரின் கரியமில வாயுவையும் சோதித்தோம். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. இறுதியில் குறித்த அளவை எட்டவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டோம். இரண்டாம் முறை ரத்தம் சேகரிக்க வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்துக்கு யார், எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று பல நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து குடும்பத்தினருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. செல் சிகிச்சை பின்னாளில் தேவைப்படலாம் என்ற பேச்சு எழுந்த உடனேயே, செல்களை எப்போது சேகரிப்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். பென்டாமஸ்டின் போன்ற சில மருந்துகள் டி செல்களை நீண்ட காலம் நலியச் செய்பவை. சேகரிப்புக்கு முந்தைய மாதங்களில் அவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க மருத்துவர்கள் முயல்கிறார்கள். அதிக அளவு ஸ்டீராய்டும் சேகரிப்புக்கு உதவாது. மருந்தைத் தானே நிறுத்தும் விஷயமல்ல இது. வரிசையை முன்கூட்டியே திட்டமிடும் விஷயம். தயாரிப்பு தோற்றுப்போனால் அடுத்த வழி என்ன என்ற கேள்வியையும், சங்கடமாக இருந்தாலும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

ஒரே செல்லில் பல வெட்டுகள் போடுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. டிராக் மரபணு 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏற்பியின் மறுபாதிக்குரிய மரபணு 7இல் இருக்கிறது. டி செல்லின் வேகத்தைத் தணிக்கும் பி.டி.1 மரபணு 2இல் இருக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் வெட்டினால், செல் அவற்றை ஒட்டும்போது 14இன் முனையை 7இன் முனையோடு ஒட்டிவிடும் வாய்ப்பு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவினர் இப்படி மூன்று மரபணுக்களைத் திருத்திய செல்களை மூன்று நோயாளிகளுக்குச் செலுத்தி, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். இத்தகைய இடமாற்றங்கள் தயாரிப்பில் தென்பட்டதையும், உடலுக்குள் போனபின் அவை காலப்போக்கில் குறைந்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். திருத்தப்பட்ட செல்கள் ஒன்பது மாதங்கள் வரை உடலில் காணப்பட்டன. நோய் முழுதாகக் குணமாகவில்லை. அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

பின்னர் 2023இல் டவுட்னாவின் குழுவினர், காஸ்9 வெட்டியபின் சில செல்கள் அந்தக் குரோமோசோமையே, முழுதாகவோ பகுதியாகவோ, இழந்துவிடுகின்றன என்பதையும், செல்களைத் தூண்டும் முன்பே திருத்தினால் இந்த இழப்பு குறைகிறது என்பதையும் காட்டினார்கள். நாங்கள் அதுவரை தூண்டிவிட்டுத்தான் திருத்திக்கொண்டிருந்தோம்; துடிப்பாகப் பிரியும் செல்லில் வெட்டு நன்றாக விழும் என்பதால். வரிசையை மாற்றிப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, ஓடுகிற முறையை ஏன் கலைக்க வேண்டும் என்று எதிர்ப்பு வந்தது. தூங்கும் செல்லில் திருத்த விகிதம் முதலில் குறைந்தது உண்மைதான். மின்துடிப்பின் அமைப்புகளை மாற்றி அதை மீட்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின. என் கருத்தில் அந்த மாதங்கள் வீண் அல்ல. தேவையற்ற நான்காவது வெட்டைச் சேர்த்துச் செல்லை மேலும் வல்லமையாக்கலாம் என்று யாராவது சொன்னால், மூன்றாவது வெட்டே தேவையா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வெட்டாமலே எழுத்தை மாற்றும் வழியும் வந்துவிட்டது. அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியுவின் குழுவினர் 2016இல் அறிவித்த எழுத்துத் திருத்தி, டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் அறுக்காமல், ஒற்றை எழுத்தை வேதிமுறையில் இன்னொன்றாக மாற்றுகிறது. சரியான இடத்தில் ஓர் எழுத்து மாறினால் மரபணுவின் நடுவில் "இங்கே நிறுத்து" என்ற குறி தோன்றிவிடும், புரதம் உருவாகாது. 2022இல் லண்டனில் டி செல் ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 13 வயதுச் சிறுமிக்கு இப்படித் திருத்திய கொடையாளர் செல்களைக் கொடுத்தார்கள். அந்தச் சிகிச்சையில் ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. நோயும் டி செல், மருந்தும் டி செல். தாக்க வேண்டிய சி.டி.7 என்ற குறி இரண்டின் மீதும் இருக்கிறது. திருத்தாமல் விட்டால் மருந்துச் செல்கள் குடுவையிலேயே ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும். ஆகவே மருந்துச் செல்களிலிருந்து சி.டி.7ஐ நீக்கினார்கள், இயற்கை ஏற்பியை நீக்கினார்கள், உடன் கொடுக்கப்படும் ஒரு மருந்து இவற்றையும் அழித்துவிடாதபடி சி.டி.52ஐயும் நீக்கினார்கள். 28 நாட்களில் நோய் பின்வாங்கியது. அதன்பின் எலும்பு மஜ்ஜை மாற்று நடந்தது. 2023இல் வெளியான அந்த முதல் அறிக்கையில் மூன்று குழந்தைகள் இடம்பெற்றிருந்தனர். ஒரு குழந்தை பூஞ்சைத் தொற்றால் இறந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. முதல் சிறுமியின் கதையை மட்டும் கேட்டுவிட்டு வருபவர்களிடம் மூவரின் கதையையும் சொல்வது என் வழக்கம். புதுச் செல்கள் நோயை அழிக்கும் வாரங்களில் நோயாளிக்கு நோயெதிர்ப்பு ஏறக்குறைய இருக்காது. அந்த இடைவெளியில் சாதாரணத் தொற்றும் உயிரைக் கொண்டுபோகும்.

உடலுக்குள் போன கொடையாளர் செல்லை நோயாளியின் நோயெதிர்ப்பும் சும்மா விடுவதில்லை. அந்நியச் செல்லென்று காட்டிக்கொடுக்கும் அடையாளப் புரதத்தை நீக்கிவிட்டால் நோயாளியின் டி செல்களிடமிருந்து தப்பலாம். ஆனால் அந்த அடையாளமே இல்லாத செல்லைத் தேடிக் கொல்வதற்கென்றே என்.கே. செல்கள் என்னும் இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. ஒன்றை மறைத்தால் இன்னொன்று விழித்துக்கொள்கிறது. இதற்குத் தீர்வு தேடும் முயற்சிகள் பல நடக்கின்றன. இப்போதைக்குக் கொடையாளர் செல்கள் பெரும்பாலும் குறுகிய காலமே தங்குகின்றன என்பதால்தான், அதற்குப் பின் எலும்பு மஜ்ஜை மாற்று உண்டா என்பது முக்கியமான கேள்வியாகிறது.

ஆய்வக ஒழுங்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அறையில் எந்நேரமும் ஒரே ஒருவருடைய செல்கள்தாம் திறந்திருக்கலாம். பையைத் திறக்கும் முன் இருவர் நின்று, ஒருவர் அதன் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படிக்க, மற்றவர் தாளில் விரல் வைத்துத் தொடர வேண்டும். புதியவர்களுக்கு இது பள்ளிக்கூட வாய்ப்பாடுபோல் தோன்றும். கண்ணால் பார்த்தால் போதாதா என்பார்கள். இரவு இரண்டு மணிக்குக் கண் எதைப் பார்க்க விரும்புகிறதோ அதைத்தான் பார்க்கும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை மாலை திருத்தத்தைத் தொடங்காதீர்கள். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அவை சரியாக அன்றுதான் நீர்மத்தைத் தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும்.

குடும்பத்தினர் என்னிடம் அதிகம் கேட்பது, இந்தத் திருத்தம் பிள்ளைகளுக்குப் போகுமா என்பதைத்தான். போகாது. திருத்தப்படுவது ரத்தத்தில் சுற்றும் முதிர்ந்த டி செல். அது கருவாகும் செல் அல்ல. அதற்கடுத்த கேள்வி காய்ச்சலைப் பற்றியது. செலுத்திய சில நாட்களில் காய்ச்சல் வருவது பலருக்கு நிகழ்வதே. செல்கள் இலக்கைக் கண்டு பெருகும்போது நோயெதிர்ப்பைக் கிளறும் சைட்டோகைன்கள் என்னும் புரதங்களை ஏராளமாகச் சுரக்கின்றன. 2012இல் அந்த முதல் சிறுமிக்கு இது உயிராபத்தாகி, செயற்கை சுவாசம் வரை போனது. அவள் ரத்தத்தில் அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின் 6 மிக உயர்ந்திருப்பதைக் கண்டபோது, கார்ல் ஜூன் என்ற விஞ்ஞானிக்கு அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து நினைவுக்கு வந்தது; அவருடைய மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால் அந்த மருந்தை அவர் அறிந்திருந்தார். சிறுமி பிழைத்தாள். இன்று அந்த மருந்து கையிருப்பில் இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் செல்லையே செலுத்துகிறார்கள். எனவே 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், அந்நேரமே மருத்துவக் குழுவுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தச் சிகிச்சையால் சிலருக்கு வரும் மூளையின் தடுமாற்றத்தை அறிய, நாள்தோறும் நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். 100இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணவும் சொல்வார்கள். அந்தத் தாள்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பேச்சு தெளிவாக இருக்கும்போதே கையெழுத்து கோணலாகிவிடுவதுண்டு. நேற்றைய தாளை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். இவர் செல் சிகிச்சை பெற்றவர் என்ற அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பதும் அவசியம். வைரஸ் ஊர்தியின் எச்சத்தால் சில எச்.ஐ.வி. மரபணுச் சோதனைகள் தவறாக நோய் இருப்பதாகக் காட்டக்கூடும். அட்டையைப் பார்க்காத மருத்துவர் ஒருவர் அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தைக் கலங்கடிப்பதைத் தவிர்க்கலாம்.

இந்தச் சிகிச்சை இப்போது புற்றுநோயைத் தாண்டியும் போகிறது. லூபஸ் நோயாளிகள் ஐவருக்குக் கார் டி செல்கள் பயன் தந்ததை ஜெர்மனியின் எர்லாங்கன் குழுவினர் 2022இல் வெளியிட்ட பிறகு, தன்னுடல் தாக்கு நோய்களுக்காக வரும் விசாரிப்புகள் பெருகிவிட்டன. அவர்களிடம் நான் சற்று நிதானமாகவே பேசுகிறேன். வேறு வழியில்லாத ரத்தப் புற்றுநோயாளி ஏற்கும் ஆபத்தை, மாத்திரைகளோடு பல ஆண்டுகள் வாழக்கூடியவர் ஏற்க வேண்டுமா என்பது வேறு கணக்கு. 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, கார் டி மருந்துகளின் உறைகளில் டி செல் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. அது அரிதாக நிகழ்வது. அரிது என்பதற்காகச் சொல்லாமல் விடக்கூடியதல்ல.

அதனால்தான் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு தயாரிப்பிலிருந்தும் சில சிறு குழாய்களைத் திரவ நைட்ரஜன் ஆவியில் உறையவைத்து எடுத்துவைக்கிறோம். சில வாரங்களுக்கு முன், ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தயாரிப்பின் குழாய் வேண்டும் என்று கேட்டு வந்தது. நோயாளியின் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரிந்த ஒரு சிறு மாற்றம், தயாரிப்பிலேயே இருந்ததா என்று ஒப்பிடுவதற்காக. பழைய பதிவேட்டில் அன்றைய எண்ணிக்கையும் என் கையெழுத்தும் இருந்தன. திருத்தப்படாத செல்கள் எத்தனை, எந்த நாளில் எண்ணியது, யார் உடன் நின்று படித்தது என்று எல்லாம் தெளிவாக இருந்ததால், கேட்டவர்களுக்கு அரைமணி நேரத்தில் பதில் சொல்ல முடிந்தது. குழாயை உலர்பனிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். பிறகு பதிவேட்டில் மீதமுள்ள குழாய்கள் என்ற கட்டத்தில் நான்கை அடித்து, மூன்று என்று திருத்தி, தேதியிட்டேன்.